ஸ்பேருக்கு ஒரு சிவப்புச் சட்டை

1

இந்தக் கதை ஒரு கடையில், தக்காளிக்குப் பக்கத்தில் பிறந்தது. போன செவ்வாய்க்கிழமை. ஒரு பெண் தள்ளுவண்டிக்குள் துண்டு விரித்து ஒரு பழுப்பு நாயை உட்கார வைத்திருந்தாள். நாய்க்குச் சிவப்பில் ஒரு மேல்சட்டை, அதில் ‘மனத்துணை நாய்’ என்று வெள்ளை எழுத்து. தொப்பி போட்ட ஒரு பெரியவர், “அடடே, யாரு இது, பெரிய மனுஷரு!” என்று அதன் தலையைத் தொடப் போனார். நான் பையைக் கீழே போட்டுவிட்டு, “தொடாதீங்க!” என்று கத்திவிட்டேன்.

நாய் கொட்டாவி விட்டது. கடையே என்னைத் திரும்பிப் பார்த்தது. உருண்டுபோன தக்காளிகளைப் பொறுக்கிக்கொண்டு வெளியேறினேன்.

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். என் பெயர் ரஸ், வயது எழுபத்தொன்று. நூலகத்தில் வாரம் ஒருமுறை நடக்கும் வகுப்பில் எழுதப் பழகுகிறேன். எழுதுவதையெல்லாம் முதலில் என் சிநேகிதன் வெஸ்ஸிடம் படிக்கக் கொடுப்பேன். அவன் உரக்கப் படித்து, நடுநடுவே சிரித்து மானத்தை வாங்குவான்.

கதையில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. அதை ஒளித்து வைத்து விளையாட எனக்கு விருப்பமில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். கடையில் பார்த்த நாய் இல்லை, வேறொரு சிவப்புச் சட்டை நாய்: ஒருவரைக் கடித்த அது, அதற்கு முன்பு யாரையாவது கடித்திருக்கிறதா? பன்னிரண்டு வருஷத்துக்கு முன் இதை என்னிடம் இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் நாய்க்கடி புகார்களை விசாரிக்கும் அதிகாரி. இன்னொருவன் வெஸ். என் பதிலை நம்பி ஒரு நாயின் உயிர் இருந்தது.

2

முதல் தொடக்கம்: ‘லொரெய்ன் அன்று பனியை உதறிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது—’

வேண்டாம். எங்கள் அமெரிக்க ஊரான ஈரியில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை யார் எங்கே நுழைந்தாலும் பனியை உதறிக்கொண்டுதான் நுழைவார்கள்.

இரண்டாவது: ‘மனிதனுக்கும் நாய்க்கும் உள்ள பந்தம் ஆதிகாலம் தொட்டே—’

இதை எழுதியது யார் என்று எனக்கே தெரியவில்லை. வகுப்பு டீச்சர் கெடுத்து வைத்திருக்கிறார்.

மூன்றாவது: வாசனை. இதுதான் சரி. மெழுகு தேய்த்த மரத்தரை, ஆட வருகிறவர்கள் மாட்டும் வாடகை ஷூக்களுக்கு நாற்றம் போக நான் அடிக்கும் மருந்து, சமையல்கட்டில் எண்ணெயில் பொரியும், பெப்பரோனி இறைச்சி அடைத்த மாவு உருண்டை. மூன்றும் கலந்தால் அதுதான் நான் வேலை பார்த்த பவுலிங் கூடம்; மரத்தடத்தில் பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம். பன்னிரண்டு தடங்கள். மதிப்பெண் காட்டும் திரைகளில் பாதி எப்போதும் இருட்டு, அதனால் பென்சிலால் எழுதுவோம். வியாழக்கிழமை சாயங்காலம் லீக் ஆட்டம். இப்போது அந்த இடத்தில் ரத்தம் சுத்திகரிக்கும் மையம் ஒன்று இருக்கிறது. போன வருஷம் அண்ணனை அங்கே கூட்டிப் போயிருந்தேன். அவர் படுத்திருந்த நாற்காலி, என் கணக்குப்படி, நாலாம் தடத்தின் நடுவில் இருந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நர்ஸ் அண்ணனை நினைத்து அழுகிறேன் என்று நினைத்தாள்.

[என் வலது கட்டைவிரலுக்குக் கீழே ஒரு தழும்பு உண்டு. பந்து திரும்பி வரும் பெட்டியில், இரண்டு பந்துகளுக்கு நடுவே விரல் மாட்டியது. அங்கே வேலை பார்த்த எல்லோரிடமும் இப்படி ஒன்று இருக்கும். கதைக்கு இது தேவையில்லை. பிறகு எடுத்துவிடுவேன்.]

3

எங்கள் லீக்கில் ஆடிய லொரெய்னின் புருஷன் ஜீன் ஒரு வியாழக்கிழமை ஆட்டம் முடிந்து, வெளியே கார்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். நாங்கள் ஓடிப் போனபோது சுரண்டி கையிலேயே இருந்தது. அதன் பிறகு கிட்டத்தட்ட ஒரு வருஷம் அவள் வரவில்லை. வரவில்லை என்பதுகூடத் தப்பு. காரில் வருவாள், எஞ்சினை அணைக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள், போய்விடுவாள். இறங்கினால் மூச்சு நின்றுவிடுமாம்.

அடுத்த அக்டோபரில் ஒரு வியாழன், ‘மனத்துணை நாய்’ என்று எழுதிய சிவப்புச் சட்டை போட்ட ஒரு நாயோடு வந்தாள்.

ஷூ கவுண்டரில் நான். உடல்நிலைக்கு உதவப் பழக்கிய நாயாக இருந்தால்தான் உள்ளே விட வேண்டும்; வெறும் துணைக்கு இருக்கும் நாய் கணக்கில் சேராது. சட்டப்படி இரண்டே கேள்விதான் கேட்கலாம் என்று முதலாளி எழுதி ஒட்டியிருந்தார். சான்றிதழ் கேட்கக் கூடாது, என்ன வியாதி என்று கேட்கவே கூடாது.

“என்ன லொரெய்ன், யாரு இது?”

“ஸ்பேர். ஜீன் என்னிக்காவது மொத பந்துலயே எல்லாக் கட்டையையும் சாய்ச்சு ஸ்ட்ரைக் அடிச்சிருக்காரா? எப்பவும் ரெண்டாவது பந்துல மிச்சத்தைத் தள்ளி ஸ்பேர்தானே? அதான் அந்தப் பேரு.”

“சட்டை?”

“இன்டர்நெட்ல வாங்குனேன். அடையாள அட்டை வேற சும்மா குடுத்தான். போட்டோவுல என்னைவிட லட்சணமா இருக்கு.”

“சரி, நான் ரெண்டு கேள்வி கேக்கணும். உடம்புக்கு முடியாததால வேணுங்கிற நாயா?”

“ஆமா.”

“என்ன வேலை பழகியிருக்கு?”

“பக்கத்துல இருக்கும். அது இருந்தா எனக்கு மூச்சு வருது.”

“அது பத்தாது, லொரெய்ன்.”

“யோவ், மூச்சு வர்றதே பத்தாதுன்னா வேற என்னய்யா வேணும் உனக்கு?”

நான் குரலைத் தாழ்த்தினேன். “படபடப்பு வந்தா மடியில ஏறி அழுத்தி உக்காரப் பழக்கியிருக்குன்னு சொல்லு.”

“அப்படி எதுவும் பழக்கலையே.”

“நான் மறுபடி கேக்குறேன். என்ன வேலை பழகியிருக்கு?”

அவள் நாயைப் பார்த்தாள். பள்ளிக்கூடப் பிள்ளை பாட்டு ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தாள். பிறகு, “எட்டரை நம்பர் ஷூ குடு. போன தடவை குடுத்தது நாறுச்சு” என்றாள்.

4

இந்த இடத்தில் லொரெய்ன் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. நிஜ லொரெய்ன் மேல் இல்லை, நான் எழுதிக்கொண்டிருக்கும் லொரெய்ன் மேல். ரொம்ப நல்லவளாக வந்துகொண்டிருக்கிறாள். உண்மையில் கோட்டைத் தாண்டி வீசிவிட்டுத் தாண்டவில்லை என்று சண்டை போடுவாள். வெஸ் தோற்றால் கைதட்டுவாள்.

வெஸ் பற்றி இன்னும் சரியாகச் சொல்லவில்லை. லாரி ஓட்டுபவன், தொந்தி, தோளில் மாட்டி வாசிக்கும் அக்கார்டியன் பெட்டி. வருஷாவருஷம் ஏப்ரலில் லீக் முடியும்போது நடக்கும் விருந்தில் அவன் போல்கா என்ற துள்ளல் ஆட்டப் பாட்டு வாசிப்பான். நாங்கள் வாடகை ஷூவோடு ஆடுவோம். அந்த அக்டோபரை அடுத்த ஏப்ரலில் லொரெய்ன் மூன்று பாட்டுக்கு ஆடினாள். ஸ்பேர் சிவப்புச் சட்டையோடு ஏழாம் தடத்துப் பெஞ்சுக்கு அடியில் படுத்துக்கொண்டு வெஸ்ஸையே பார்த்தது. வாரம் தவறாமல் பெப்பரோனி உருண்டையில் பாதி கொடுப்பவன் அவன்தானே.

“இந்த நாய் உனக்கு மனத்துணையா, எனக்கு மனத்துணையா?” என்பான்.

“உனக்கு ஒரு நாய் பத்தாது, வெஸ்” என்பாள் அவள்.

அந்த விருந்தின் படம் ஒன்று என் மேஜையில் இருக்கிறது. அக்கார்டியன் கட்டைகள் மேல் அவனுடைய வலது கை, ஐந்து விரலும் விரிந்து. என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த இடம் எது என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன். மழுப்புவானேன், அந்த ஷூ கவுண்டர்தான்.

5

இரண்டாவது குளிர்காலம், பிப்ரவரி. வெஸ் வழக்கம்போல் குனிந்து பாதி உருண்டையை நீட்டினான். அதே நொடி எட்டாம் தடத்தில் பத்துக் கட்டையும் ஒரேயடியாய் விழுந்தன. கூட்டம் ஓவென்று கத்தியது. கண் மூடிக் கிடந்த ஸ்பேர் எழும்பிய வேகத்தில் அவன் கையைக் கவ்வியது. விடவில்லை. லொரெய்ன் அதன் மேல் விழுந்து வாயைப் பிளக்கப் பார்த்தாள்.

(இங்கே ரத்தத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். நன்றாக வந்திருந்தது, அதனால்தான் எடுத்தேன்.)

வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் அதோடு போயின. இரண்டு அறுவைச் சிகிச்சை. மறுநாள் அதிகாரி கூடத்துக்கு வந்தார்.

“இந்த நாய் இதுக்கு முன்னாடி யாரையாவது கடிச்சதா உங்களுக்குத் தெரியுமா?”

முன்பே கடித்திருந்தால் ஊசி போட்டு முடித்துவிடுவார்கள் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே லொரெய்னின் கார் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் இறங்கவில்லை.

“இல்ல சார்” என்றேன்.

ஆஸ்பத்திரியில் வெஸ், கட்டுப் போட்ட கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு கேட்டான். “அது மேல எனக்குக் கோவமில்ல, ரஸ். ஒண்ணே ஒண்ணு சொல்லு. இதுக்கு முன்னால யாரையாச்சும் கடிச்சிருக்கா? தெரிஞ்சிருந்தா நான் கையை நீட்டியிருக்க மாட்டேன். அவ்வளவுதான்.”

“இல்லடா. இதான் மொத தடவை.”

“அப்ப சரி. என் நேரம்.”

பத்து நாள் அடைத்து வைத்துவிட்டு, வாய்ப்பூட்டுப் போட வேண்டும் என்று சொல்லி நாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். அது நாலு வருஷம் உயிரோடு இருந்தது. லொரெய்ன் அப்புறம் கூடத்துக்கு வரவில்லை. அந்த ஏப்ரல் விருந்தில் டேப்பில் போல்கா போட்டோம். யாரும் ஆடவில்லை.

6

இரண்டாம் பகுதியில், அடைப்புக்குறிக்குள், ஒரு தழும்பைப் பற்றிச் சொன்னேன். அது பொய்.

அடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் எவ்வளவு சுலபமாக வந்தது என்று நீங்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக அப்படியே விட்டிருக்கிறேன். பன்னிரண்டு வருஷப் பழக்கம்.

நடந்தது இதுதான். வெஸ்ஸைக் கடிப்பதற்கு மூன்று மாதம் முன்பு, நவம்பரில், லொரெய்ன் கழிவறைக்குப் போயிருந்தாள். நாயின் கயிறு பந்துப் பெட்டிக்கு அடியில் சிக்கியிருந்தது. அது தூங்கிக்கொண்டிருந்தது. நான் கயிற்றை வெடுக்கென்று இழுத்தேன், அது வெடுக்கென்று கடித்தது. ஷூவுக்கு அடிக்கும் மருந்தைக் காயத்தில் அடித்துக்கொண்டேன். உயிர் போனது.

அவள் திரும்பி வந்தாள். “கையில என்னய்யா?”

“பந்துப் பெட்டியில மாட்டிக்கிச்சு.”

அவள் என் கையைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள். மேஜையிலிருந்த காகிதத் துண்டை எடுத்து ஸ்பேரின் வாயைத் துடைத்தாள். அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

“பாத்து இருய்யா” என்றாள். அவ்வளவுதான்.

அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒருவரையொருவர் கேட்கவில்லை. எங்கள் ஊரில் அதற்கு நாகரிகம் என்று பெயர். அடுத்தவருக்கு என்ன வலி, எதற்கு நாய் என்று கேட்க மாட்டோம். சட்டமே இரண்டு கேள்விக்கு மேல் கேட்காதே என்கிறது, நாங்கள் அதற்கும் மேலே போய்ப் பதிலையும் சொல்லிக் கொடுப்போம். நவம்பரில் நான் வாயைத் திறந்திருந்தால் ஸ்பேருக்கு அன்றே வாய்ப்பூட்டு வந்திருக்கும். முதல் கடிதானே, கொன்றிருக்க மாட்டார்கள். லொரெய்ன் எங்களோடு இருந்திருப்பாள். வெஸ் வாசித்திருப்பான்.

7

முடிவுகள்.

ஒன்று: லொரெய்ன் வெஸ் வீட்டுக் கதவைத் தட்டி, மடித்த காகிதத்தை நீட்டுகிறாள். நடக்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் அவள் செத்துப்போனாள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வெஸ் என் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றான். எந்தக் கை என்று நீங்கள் கேட்க வேண்டாம்.

இரண்டு: வெஸ்ஸுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும், என்னை எப்போதோ மன்னித்துவிட்டான். இது எனக்கு ரொம்ப வசதியான முடிவு. அதனாலேயே நம்பவில்லை.

மூன்று: ‘அதிகாரியிடம் நான் ஆமாம் என்று—’

முடியவில்லை. இப்போதும் அந்த எஞ்சின் சத்தம் கேட்கிறது.

நாளை புதன். வெஸ் வீட்டில் காப்பி, வெண்ணெயில் வதக்கிய பியரோகிக் கொழுக்கட்டை. நான் கொடுக்கும் தாள்களை மூன்று விரலால் புரட்டிப் புரட்டி அவன் உரக்கப் படிப்பான். ஆறாம் பகுதியைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். அது தற்செயலா என்றால், இல்லை. அதை உருவி எடுத்துவிட்டு, அங்கங்கே நாலு வரி மாற்றினால் போதும். ஒரு நல்ல நாயைப் பற்றிய பழைய ஞாபகமாக இந்தக் கதை நின்றுவிடும். வகுப்பில் கைதட்டுவார்கள்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் பகுதிகளை எண்ணிப் பாருங்கள். ஆறாம் பகுதி இருக்கிறதா? அப்படியானால் வெஸ் அதைப் படித்துவிட்டான். அவன் என்ன சொன்னான் என்று நான் எழுதப் போவதில்லை. அவனுக்கு எது தெரிய வேண்டும் என்று ஏற்கெனவே ஒரு தடவை நானே தீர்மானித்துவிட்டேன், அது போதும்.

ஒரு நிமிஷம் நீங்கள்தான் வெஸ்; உங்கள் வலது கையைப் பாருங்கள். அந்த இரண்டு விரலையும் மடக்கிக்கொள்ளுங்கள். கடைசித் தாளைக் கீழே வையுங்கள். எதிரில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன், காப்பியைத் தொடாமல். சொல்லுங்கள்.