செல்லுக்கு வெளியே

பெரம்பலூர் ஆய்வுக்கூடத் தொட்டிச் செடிகளில் விழித்துக்கொள்ளும் மரபணு, கீழப்பழுவூர் வயலில் மட்டும் ஏன் தூங்குகிறது? அதே விதை, அதே ஹார்மோன் பொடி. தெளிப்பதும் அதே வெற்றிச்செல்விதான். இரண்டு மாதமாக அவளுக்கு விடை கிடைக்கவில்லை.

வாட்டம் வந்தால் பருத்திச் செடி சப்பையை, அதாவது பூக்கப்போகும் மொட்டை, உதிர்த்துவிடும். அதைத் தடுக்கத்தான் இந்த ஹார்மோன். செல்லுக்குள் நுழைந்ததும் அது ஒரு புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். மரபணுவை அதுவரை அமுக்கி வைத்திருந்த இன்னொரு புரதம் உடனே சிதைக்கப்படும். மரபணு விழிக்கும், காம்பு சப்பையை இறுகப் பிடித்துக்கொள்ளும். இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் அளந்து பார்ப்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு.

“வயல் சோதனையைத் தூக்கிருங்கம்மா,” என்றார் வழிகாட்டி குருமூர்த்தி. “தொட்டி ரிசல்ட் சுத்தமா இருக்கு. அதை மட்டும் எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போடறேன்.”

“வயல்ல கேக்கலைன்னு தெரிஞ்சுக்கிட்டே பருத்திக்கு நல்லதுன்னு எப்படி சார் எழுதறது?”

“அப்ப ஏன் கேக்கலைன்னு சொல்லுங்க. அதுவும் சொல்ல மாட்டேங்கறீங்க. டிசம்பரோட உங்க பதிவு முடியுது. இனிமே நீட்டிக்க வழியில்லை.”

பொய்யாக எழுதினால் பட்டம், உண்மையைச் சொன்னால் ஏழு வருட உழைப்பு வீண். இதை மறந்துவிட்டு உட்காரலாம் என்றால் வீட்டிலும் முடியாது. வயல் அவள் மாமனாருடையது.

“வாம்மா டாக்டரு,” என்பார் அண்ணாதுரை. “உன் மருந்து பஸ்ஸு ஏறி வர்றதுக்குள்ள களைச்சுப் போயிருதோ?”

“அதுக்கு நம்ம வூடு புடிக்கலப்பா,” என்பாள் நாத்தனார் அம்பிகா. “அண்ணி மாதிரியே வந்ததும் ஒரு மூலையில சுருண்டுக்குது.”

வெற்றிச்செல்வியும் சேர்ந்து சிரிப்பாள். வேறென்ன செய்வது? ஆய்வுக்கூடத்தில் வயல் கேள்வி, வயலில் ஆய்வுக்கூடக் கேள்வி. இடையில் சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும் பேருந்து. மூச்சுவிட மூன்றாவது இடம் என்று ஒன்று அவளுக்கு இல்லை.

செல்லுக்குள் தேடாத இடமும் இல்லை. ஹார்மோன் ஒட்டும் புரதம் வயல் செடியில் மாறிவிட்டதா? மாறவில்லை. அமுக்கும் புரதத்தைச் சிதைக்கும் ஏற்பாடு பழுதா? இல்லை. எல்லாம் சரியாக இருந்தன, மரபணு மட்டும் எழவில்லை.

அந்த வாரம் மாமனாரின் வாய்க்குப் பயந்து அவள் ஒரு காரியம் செய்தாள். வழக்கமாகப் பொடியை எடுத்துப்போய், போர்செட்டு அருகே அவர் கண்ணெதிரே கரைப்பாள். இம்முறை ஆய்வுக்கூடத்திலேயே கரைத்துக் கேனில் கொண்டுபோய், வரப்போரச் செடிகளுக்கு யாரும் பார்க்குமுன் தெளித்துவிட்டாள். மறுநாள் காம்புகளை நறுக்கி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துப் பெரம்பலூர் கொண்டுவந்தாள்.

மரபணு விழித்திருந்தது.

மாதிரிகள் மாறிவிட்டனவோ என்று மறுபடி சோதித்தாள். அதே முடிவு. அப்படியானால் இம்முறை எதை மாற்றினோம்? போர்செட்டைத் தவிர்த்தோம். தொட்டிகளுக்கும் இந்தக் கேனுக்கும் வாலை வடிநீர், வயலுக்கு மட்டும் போர் தண்ணீர்.

ஒரு பாட்டில் போர் தண்ணீர் கொண்டுவந்து பி.எச். பார்த்தாள். எட்டைத் தாண்டியது. வடிநீரில் கரைத்ததோ நாலரை, நல்ல புளிப்பு.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்த ஹார்மோன் ஒரு மென்மையான அமிலம். புளிப்பான நீரில் அதன் மூலக்கூறுகளில் மூன்றில் ஒரு பங்கு தன் ஹைட்ரஜனை விடாமல் வைத்திருக்கும். அந்த வடிவத்தில் செல்லின் கொழுப்புச் சவ்வை எளிதாகக் கடக்கும். கீழப்பழுவூரின் சுண்ணாம்புப் பாறையில் ஊறிய போர் தண்ணீரில் பத்தாயிரத்தில் ஒன்றுகூட ஹைட்ரஜனை வைத்திருக்காது. மின்னேற்றம் பெற்றுச் சவ்வுக்கு வெளியிலேயே நின்றுவிடும். செல்லுக்குள் போன ஹார்மோன் இதே காரணத்தால் வெளியேற முடியாமல் மாட்டிக்கொள்வதை அவளே மாணவர்களுக்குப் படம் போட்டு விளக்கியிருக்கிறாள். வெளியிலும் மாட்டிக்கொள்ளும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மறுவாரம் போர்செட்டு அருகிலேயே, எல்லோரும் பார்க்க, போர் தண்ணீரில் சிட்ரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்கினாள்.

“பருத்திக்கு ரசம் வக்கிறியா?” என்றார் மாமனார்.

“ஆமாங்க மாமா. புளிப்பு பத்தலைன்னுதான் இத்தனை நாள் அது சாப்புடல.”

அந்த வாரக் காம்புகளில் மரபணு விழித்தது. குருமூர்த்தி வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வயலை எடுக்க வேண்டாம்மா, சேத்தே எழுதுங்க,” என்றார்.

அவள் எழுதினாள்: “சுண்ணாம்பு நிலத்துப் போர் தண்ணீரில் முதலில் சிட்ரிக் அமிலம் கலந்து பி.எச். அளவை நாலரைக்கு இறக்க வேண்டும். அதன்பிறகே ஹார்மோனைக் கரைத்துத் தெளிக்க வேண்டும்.”