எண்ணக் கூடாத பிள்ளைகள்

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்தது இல்லை. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு வம்பு வேண்டாம். கடப்பாக்கத்து ரோஷன் பீவி தன் எழுபதாவது வயதில் எனக்குச் சொன்னது. அவர் பேசிய ஒரு மணி நேரத்தில் பாதி கருவாட்டு விலை. அதைக் கழித்துவிட்டு எழுதுகிறேன்.

முதல் வரி இப்படி இருந்தது: 'அன்று கடல் அமைதியாக இருந்தது.' அடித்துவிட்டேன். கடல் அமைதி என்று எழுதினாலே ஒரு பிள்ளை தொலையப் போகிறது என்று நீங்கள் மோப்பம் பிடித்துவிடுவீர்கள்.

(தொலையத்தான் போகிறது. தெரிந்துகொண்டே படியுங்கள்.)

2

1957. பால்வாடியை நடத்தும் சேவிகை எட்டாம் வகுப்பாவது தேறியிருக்க வேண்டும் என்று உத்தரவு. கடப்பாக்கத்து மீனவர் குப்பத்தையும் பக்கத்துத் தெருவையும் சலித்தெடுத்தாலும் அப்படித் தேறிய பெண் ஒருத்திதான். கருவாட்டு வியாபாரி ஹயாத் பாஷாவின் மகள் ரோஷன் பீவி, பத்தொன்பது வயது. பயிற்சிக்குப் போய்வந்தாள். பாட்டு தெரியும், பதிவேடு எழுதத் தெரியும். அழுகிற பிள்ளையை அவள் தூக்கினால் அது இன்னும் உரக்க அழும்.

பால்வாடி நடந்த கொட்டகையிலேயே அதற்கு முன் ஏழு வருடம் மீன்காரப் பெண்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள் செங்கம்மாள். நடவு நட்டு இடுப்பு விட்டுப்போனவள், கைநாட்டு. ஆகவே அவள் ஆயா.

கொட்டகைக்குப் பின்னால் உப்பங்கழி. அதனால் செங்கம்மாள் ஒவ்வொரு பிள்ளையின் அரைஞாணிலும் பழந்துணிக் கயிறு கோத்து, மூங்கில் காலில் கட்டியிருப்பாள். பிள்ளைகளை எண்ணவே மாட்டாள். எண்ணினால் ஒன்று குறையும் என்பது தாய்மார்களின் பயம்.* ஏதாவது ஒரு கயிறு வெறுமையாகக் கிடந்தால் ஒரு பிள்ளை இல்லை. அவ்வளவுதான் அவள் கணக்கு.

முதல் வாரம் ரோஷன் பீவி விரலை நீட்டி எண்ணினாள். மறுநாள் இரண்டு தாய்மார் பிள்ளைகளை அனுப்பவில்லை. அதற்குப் பிறகு அவளும் கயிறுகளைப் பார்த்தே வருகைக் குறி போட்டாள்.

(* சிரிக்கிறவர்கள், உங்கள் பிள்ளை கொழுகொழுவென்று இருக்கிறதே என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்ன அன்று சாயங்காலம் நீங்கள் என்ன சுற்றிப் போட்டீர்கள் என்று நினைத்துப் பார்க்கவும்.)

3

மேற்பார்வைக்கு வந்த சாரதாம்பாளைக் கெட்டவளாக எழுத இரண்டு தடவை முயன்றேன். கடுகடுப்பான முகம் கொடுத்தேன், அதட்டல் கொடுத்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. கயிறுகளைப் பார்த்ததும் அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டதாம்.

"கன்னுக்குட்டியா இதுங்க? அவுத்துவிடும்மா. எல்லாத்தையும். இப்பவே."

"அம்மா, பின்னால கழி கீது" என்றாள் செங்கம்மாள்.

"அதுக்குத்தானே ரெண்டு பேருக்குச் சம்பளம்?"

நியாயமான பேச்சு. என் கஷ்டமே அதுதான்.

செங்கம்மாள் கயிற்றைத் தொடவில்லை. பால் மாவு கரைக்க அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். ரோஷன் பீவியே இருபத்தொரு முடிச்சையும் அவிழ்த்தாள். பிள்ளைகள் கோழிக்குஞ்சுகள் போல நாலாபக்கமும் சிதறின. சாரதாம்பாள் பதிவேட்டைப் புரட்டி, "இன்னிக்கு வருகை எங்க?" என்றாள்.

ரோஷன் பீவி நிமிர்ந்து பார்த்தாள். பார்க்கக் கயிறு இல்லை. எண்ணலாமென்றால் விரல் நீளவில்லை. காலையில் எல்லாரும் வந்ததை அவள் கண்ணால் பார்த்தவள்தானே? இருபத்தொரு பேருக்கும் குறி போட்டாள். கீழே கையெழுத்தும் போட்டாள்.

4

செங்கம்மாள் பாலை ஊற்றிக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒரு லோட்டா மீந்தது.

"டீச்சரம்மா, வேண்டா எங்க?"

வேண்டாவுக்கு இரண்டரை வயது. முன்னால் பிறந்த இரண்டும் தங்காததால், எமனுக்கும் வேண்டாதவளாக இருக்கட்டும் என்று வைத்த பேர்.

"இங்கதான்... இப்ப இங்கதானேக்கா..."

ஓடினார்கள். கழியின் மேல் சின்னதாக ஒரு சிவப்புப் பாவாடை

இல்லை. இந்த வாக்கியத்தை நான் முடிக்கமாட்டேன். பிள்ளையைக் கொன்று கதைக்குக் கனம் ஏற்றுகிற பிழைப்பு எனக்கு வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன். வேண்டா சேற்றில் மார்பளவு புதைந்திருந்தாள். தண்ணீர் வாயைத் தொட்டுத் தொட்டுப் போனது. செங்கம்மாள் சேலையை வரிந்து கட்டக்கூட நிற்காமல் இறங்கினாள். இடுப்பளவு அமிழ்ந்து, பிள்ளையைப் பிடுங்கி மேலே நீட்டினாள். ரோஷன் பீவி வாங்கிக்கொண்டாள். பிள்ளை உப்புத்தண்ணீரைக் கக்கிவிட்டு வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு எனக்கும் மூச்சு வந்தது.

5

சாரதாம்பாள் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து ரோஷன் பீவியின் முன்னால் வைத்தாள்.

"இதை மேல எழுதித்தான் ஆகணும். அவுக்கச் சொன்னது நான், அதையும் எழுது, மறைக்க வேண்டாம். ஆனா பிள்ளை கழியில கெடந்தப்போ உள்ள இருக்குதுன்னு கையெழுத்துப் போட்டது யாரு? கவனக்குறைவு யாரோடதுன்னு பேர் போட்டுக் குடு."

"என் பேரப் போட்டா?"

"உன்னை நீக்குவாங்க. எட்டாவது தேறினவ வேற யாரு இருக்கா இங்க? மையத்தையே மூடிடுவாங்க."

ஆயா போனால் வேறு ஆயா. சேவிகை போனால் இருபத்தொரு பிள்ளைகளும் வெறும் மணலில்.

முடிவு அ: உண்மையை எழுதினாள். கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது. மனசாட்சிக்கு நல்லது, கழிக்கும் நல்லது.

முடிவு ஆ: செங்கம்மாள் பேரை எழுதினாள். மையம் நடந்தது. ஏழு வருடத்தில் ஒரு பிள்ளையைக்கூடத் தொலைக்காதவள் கவனக்குறைவுக்காக வெளியே போனாள்.

முடிவு இ: அந்த எட்டாம் வகுப்பு உத்தரவையே திருத்தச் சொல்லி சாரதாம்பாள் மேலிடத்துக்கு (எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது. விடுங்கள்.)

சேறு காயாத காலோடு செங்கம்மாள் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"என் பேரப் போடு டீச்சரம்மா. நீ இன்னா எய்தினாலும் எனக்குப் படிக்கத் தெரியாது. மனசு நோவாது."

இந்த இடத்தில்தான் ரோஷன் பீவி சொல்வதை நிறுத்திவிட்டார். நான் துருவிக் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்த பிறகு கேட்கத் தைரியம் வரவில்லை.

சந்தைக்குப் போன தாய்மார்கள் திரும்பும் நேரமாகிவிட்டது. வேண்டாவின் அம்மா தூரத்திலேயே மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வருகிறாள். தாளில் பேருக்கான இடம் இன்னும் காலியாக இருக்கிறது. பேனாவை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நான் எழுந்துகொள்கிறேன். சீக்கிரம் எழுதுங்கள், செங்கம்மாள் பெருவிரலில் மை தடவிக்கொண்டு காத்திருக்கிறாள்.