பன்னிரண்டாவது பெயர்

1971 செப்டம்பர் ஊராட்சித் தேர்தலில் என்னைத் தோற்கடித்தது எதிர்க்கட்சி இல்லை. என் சொந்தக் கட்சிப் பட்டியலில் பன்னிரண்டாவதாக இருந்த குட்வைக் ஹம்னெஸ்.

நார்வேயின் வடக்குக் கரையில் உள்ள எங்கள் ஊர் ஹெஸ்ட்விக்கில், எங்கள் இடதுசாரிக் கட்சிக்கு மூன்று இடங்கள் கிடைப்பது வழக்கம். பட்டியலில் நான் இரண்டாவது. பதினொரு ஆண்களுக்குக் கீழே, ஒரு பெண்ணும் இருக்கட்டுமே என்று, மீன் ஆலையில் மீன் அரியும் குட்வைக்கின் பெயரைச் சேர்த்திருந்தோம். வாக்குச்சீட்டில் பிடிக்காத பெயரை அடிக்கலாம். பிடித்த பெயரை இன்னொரு முறை எழுதலாம். ஆலைப் பெண்கள் சொல்லிவைத்தாற்போல எங்கள் பெயர்களை அடித்து, குட்வைக்கின் பெயரை இன்னொரு முறை எழுதிவிட்டார்கள். என் இடம் அவளுக்குப் போனது.

முடிவு வந்த அன்று சாப்பாட்டு மேசையில் புலம்பினேன். "எவ அடிச்சிருப்பா என் பேரை?"

என் மனைவி சோல்ஃப்ரிட்டும் அந்த ஆலையில்தான் வேலை பார்த்தாள். வெந்த உருளைக்கிழங்கின் தோலை உரித்தபடி, "மத்தவங்களைப் பத்தித் தெரியாது. என் சீட்டுல நான்தான் அடிச்சேன்," என்றாள். "எட்டு வருஷம் மன்றத்துல உக்காந்தியே ஆர்வித், எங்க கை எப்படி இருக்குன்னு ஒரு நாளாவது கேட்டியா?"

நான் கேட்டதில்லை.

முதல் கூட்டத்தை வேடிக்கை பார்க்கப் போனேன். குட்வைக் தடுமாறுவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. ஆலை தன் படகுத்துறையை நீட்டிக்க ஊராட்சி நிலம் கேட்டிருந்தது. அவள் எழுந்தாள். குரல் நடுங்கத்தான் செய்தது.

"நெலம் குடுக்கலாம். ஆனா மீன் அரியற மேசைக்கெல்லாம் வெந்நீர்க் குழாய் போடணும்னு நிபந்தனை எழுதுங்க."

மன்றத் தலைவர் ஃப்ரெத்ரிக் ஔனெ சிரித்தார். "இன்னைக்கு வெந்நீர். அடுத்த மாசம் காப்பியும் கேப்பியோ?"

"காப்பி நாங்களே கொண்டாருவோம். எடத்தைப் பாக்காம என்னைக்காவது நெலம் குடுத்திருக்கீங்களா? புதன்கிழமை எல்லாரும் வந்து பாருங்க."

ஔனெ புதன்கிழமையைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

புதனன்று பதினேழு உறுப்பினர்களும் வந்தார்கள், நானும் ஒட்டிக்கொண்டேன். குட்வைக் ஆளுக்கொரு கத்தியும் மீனும் கொடுத்தாள். தொட்டியில் பனிக்கட்டி மிதந்தது. பத்து நிமிடத்தில் என் விரல்கள் மரத்துக் கத்தி நழுவிவிட்டது. ஔனெ பிடிவாதக்காரர், கால் மணி நேரம் தாங்கினார். ஆனால் கிளம்பும்போது மேலங்கியின் பொத்தானைப் போட முடியாமல் திணறினார். பெண்கள் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சிரிக்கத் தொடங்கினாள். குட்வைக் அவளைப் பார்வையாலேயே அடக்கிவிட்டு, நாலு பொத்தான்களையும் தானே போட்டுவிட்டாள்.

"கொஞ்ச நேரத்துல சரியாயிடும்," என்றாள் மெதுவாக. "எங்களுக்குத்தான் வீட்டுக்குப் போனப்புறமும் விடாது."

அடுத்த கூட்டத்தில் அந்த நிபந்தனையோடு தீர்மானம் நிறைவேறியது. ஔனெயும் கை தூக்கினார்.

அடுத்த தேர்தலில் அவள் பெயரை முதலில் போடச் சொன்னவன் நான். பிறகு அவள் பாராளுமன்றத்துக்கு நின்றபோது, பனியில் வண்டி ஓட்டி ஊர் ஊராக அழைத்துப் போனவனும் நான்தான். ஜெயித்துப் போய், தலைநகர் ஆஸ்லோவில் எட்டு ஆண்டுகள் இருந்தாள். எங்கள் வடக்குப் பேச்சை அங்கேயும் மாற்றிக்கொள்ளவில்லை. கடலடியை வலையால் வாரிப்போகும் பெரிய இழுவலைக் கப்பல்களுக்கு எங்கள் கடலைத் திறந்துவிடும் மசோதாவைக் கட்சித் தலைமை ஆதரிக்கச் சொன்னது. அவள் எதிர்த்து வாக்களித்தாள். மசோதா நிறைவேறியது. அடுத்த தேர்தலுக்கான பட்டியலில் மாவட்டக் கட்சி அவளுக்கு இடம் தரவில்லை.

எனக்குக் கொதித்தது. "வா, தனியாக் கட்சி ஆரம்பிப்போம்!"

"ஒரு தடவை தோத்ததுக்கே மாசக்கணக்கா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்ட ஆளு நீ," என்றாள். "எனக்கு அதுக்கெல்லாம் நேரமில்ல, ஆர்வித்."

பதவிக்காலம் முடிந்த திங்கட்கிழமை காலை ஆலை வாசலில் நின்றாள். மேஸ்திரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "நீங்க எங்க இங்க?"

"லீவு முடிஞ்சுது. எந்த மேசை?"

காலை இடைவேளை முடிவதற்குள் இழுவலைக் கப்பல்களுக்கு எதிரான மனுவில் முப்பத்தெட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டாள். இரண்டு ஆண்டுகள் கழித்து, எங்கள் கரையோரக் கடல் சிறு படகுகளுக்கு மட்டும் என்று உத்தரவு வந்தது. அந்தச் செய்தியோடு நான் ஆலைக்கு ஓடியபோது அவள் மீன் அரிந்துகொண்டிருந்தாள். பெட்டியில் இன்னும் ஒன்பது மீன்கள் இருந்தன. அவற்றையும் முடித்துவிட்டுத்தான் வந்து என்னையும் சோல்ஃப்ரிட்டையும் கட்டிக்கொண்டாள்.