நெருப்புக் காட்டாத மேளம்

மிர்த்தா அட்டைப்பெட்டிகளைக் கிழித்து நடைபாதையில் குவித்துத் தீ வைத்தாள். வால்தெமார் மேளங்களைச் சுற்றிலும் சாய்த்தான். மொந்தெவிதேயோ நகரில் சூடு காட்டாத மேளத்தை அடிக்க யாருக்கும் கை வராது. தோல் இறுகாவிட்டால் ஈரச் சாக்கைத் தட்டினது போலிருக்கும்.

பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஒர்தென்சியா அத்தை. ஒருகாலத்தில் இந்த மேளங்களுக்கு முன்னால் பாடி ஆடியவள். இங்கே குடியிருந்த கறுப்பர்களைத் துரத்தக் கூடாதென்று தெருவில் நின்றவள். ராணுவம் அவர்களை லாரியில் ஏற்றிவிட்டுக் குடியிருப்பை இடித்தது. அங்கே எழும்பிய மாடிக் கட்டடத்தில்தான் மிர்த்தா படிக்கட்டு கழுவுகிறாள். அதன் சுவரில் இன்று நகரசபை அத்தை பெயரில் வெண்கலப் பலகை திறக்கிறது. இன்னொரு கோடை தாங்காது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். இந்த மூலையில் கடைசியாக ஒரு ஆட்டம், அத்தைக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"நிக்கவே முடியல, ஆட்டம் வேறயா?" என்றான் வால்தெமார்.

"மேளம் ஒழுங்கா கூப்பிட்டா காலு தன்னால எந்திரிக்கும். நீ உன் கையைப் பாருடா," என்றாள் அத்தை.

தீ பிடித்த நேரம் கட்டட மேலாளர் தண்ணீர்க் குழாயோடு வந்தார். "மேல புகை வருதுன்னு கத்துறாங்க."

"பத்து நிமிஷம் சார், தோல் சூடாயிடும்," என்றாள் மிர்த்தா.

நகரசபை அதிகாரி அம்மாள் சிரித்த முகமாகவே சொன்னாள்: "நெருப்புக்கு அனுமதி வாங்கலியேம்மா. அப்படியே அடிங்களேன்."

மேலாளர் தீயின் மேல் தண்ணீரைத் திறந்துவிட்டார். இன்னொரு வார்த்தை பேசினால் வேலை போய்விடும். மிர்த்தா தண்ணீர் படாமல் மேளங்களை இழுத்து வைத்தாள்.

வால்தெமார் அடித்தான். மேளம் சொத்சொத்தென்றது. கைப்பிடியை ஊன்றிப் பாதி எழுந்த அத்தை, கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"எங்களை லாரியில ஏத்துன அன்னைக்குக்கூட இங்க நெருப்பு எரிஞ்சுதுடா. வீட்டுக்குத் தள்ளு."

அதிகாரி பலகையை மூடியிருந்த துணியை விலக்கினாள். எல்லோரும் கை தட்டினார்கள். வால்தெமார் தள்ளிய நாற்காலி அதற்குள் தெருமுனை தாண்டிவிட்டது. மிர்த்தா பின்னால் ஓடப் போனாள்.

"எங்க போற? கரித்தண்ணி ஓடுது பாரு. துடைச்சிட்டுப் போ," என்றார் மேலாளர்.

பலகைக்குக் கீழே முழங்காலிட்டுத் தேய்க்கத் தொடங்கினாள். விருந்தினர்கள் படமெடுக்க வரிசையாக நின்றார்கள்.

"கொஞ்சம் தள்ளிக்கம்மா," என்றான் படம் எடுப்பவன். "படத்துல விழுறே."

மிர்த்தா வாளியை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள்.