எங்க வீட்டுக்கு மட்டும் கரண்ட் போகுது

டிரைவர் வண்டியை விட்டு இறங்கி ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் ஊரில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் குழாயோடு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின் பக்கத்தில் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும். கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும்.

அப்படி ஒருமுறை கரண்ட் போய், வர நேரமாகி, ஆஸ்பத்திரி வரை போய்த் திரும்பியதும் மகள் வெளிநாட்டிலிருந்து போனில் ஒரே பிடியாக நின்றாள். "அம்மா, ஜெனரேட்டர் வச்சே ஆகணும். சாக்குப்போக்கு சொல்லாதே."

மெக்கானிக் வந்தார். வீட்டுக்குப் பின்னால், புகை ஜன்னலுக்குள் வராத தூரத்தில், சிமெண்ட் மேடை போட்டு மெஷினை இறக்கினார். வேலியோரம் வெள்ளை நிறத்தில் புரொப்பேன் கேஸ் டேங்க் குப்புறப் படுத்த பன்றி மாதிரி வந்து அமர்ந்தது. அதிலிருந்து குழாய் இழுத்து, மூட்டுக்கு மூட்டு சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தார். சுவரில் ஒரு பெட்டி மாட்டினார்.

"கரண்ட் போனா இந்தப் பெட்டிக்குத் தெரியும்க்கா. கொஞ்ச நேரம் பாத்துட்டு அதுவே ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ணும். கரண்ட் வந்ததும் அதுவே நிறுத்திடும். நீங்க கை வைக்கவே வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை தானா ஓடிப் பாத்துக்கும், பயப்படாதீங்க."

"கேஸ் எத்தனை நாளைக்கு வரும் தம்பி?"

"இந்த ஓட்டத்துக்கா? ஒரு வருஷம் தாராளமா வரும்."

டிரைவரின் மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை பார்த்தாள். காலையில் அவருக்கு வேண்டியதை எடுத்து வைத்துவிட்டு ஸ்கூட்டரில் போனால், பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். ஜெனரேட்டர் வந்த பிறகுதான் அவள் மணிக்கொருதரம் வீட்டுக்கு போன் போட்டுக் கேட்பதை நிறுத்தினாள்.

ரொம்ப நாள் அந்த நிம்மதி நீடிக்கவில்லை. ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சமையலறை மின்னடுப்பிலிருந்த கடிகாரம் பன்னிரண்டு, பன்னிரண்டு என்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. மணியைச் சரிசெய்து வைத்தாள். மறுநாளும் பன்னிரண்டு. அதற்கு மறுநாளும் அதே கதை.

"ஏங்க, பகல்ல கரண்ட் போச்சா?"

"போகுது, வருது" என்றார் டிரைவர், டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கடை இருக்கும் தெருவுக்கும் வீட்டுக்கும் ஒரே லைன்தான். கடையில் மின்விசிறி ஒருநாளும் நிற்கவில்லை. மின்சார அலுவலகத்துக்கு போன் போட்டாள். "உங்க பக்கம் கட்டே இல்லைம்மா" என்றார் எடுத்தவர். "அப்ப எங்க வீட்டுக்கு மட்டும் தனியா போகுதா?" என்று அவள் பிடித்துக்கொண்டாள். மூன்றாவது தடவை போன் போட்டபோது அந்த ஆள் லைன்மேனையே அனுப்பிவைத்தார். லைன்மேன் கம்பத்தில் ஏறி, தொங்கி, இறங்கி, "எல்லாம் கெட்டியா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்புறம் தற்செயலாக டேங்கின் மூடியைத் திறந்து, கேஸ் அளவு காட்டும் முள்ளைப் பார்த்தாள். கால் பாகத்துக்கும் கீழே நின்றது. வாங்கி மூன்று மாதம்கூட முழுசாக ஆகவில்லை.

யாராவது கேஸைத் திருடுகிறார்களா? திருடி எதில் பிடித்துக்கொண்டு போவார்கள்? மெக்கானிக் முழுசாக நிரப்பாமல் ஏமாற்றிவிட்டாரா? முழுசாக இருந்ததை அவளே கண்ணால் பார்த்தாளே. பார்த்தாளா? அவளுடைய அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் இப்படித்தான் எல்லாம் மறந்துபோனது. கடிகாரத்தைத் தானே தப்பாக வைத்துவிட்டு மறந்துபோகிறோமோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம் வந்த பிறகு கடையில் அளவெடுத்த சட்டைகளை இரண்டிரண்டு தடவை அளந்தாள்.

மெக்கானிக்கை வரச் சொன்னாள். மறுபடி சோப்பு நுரை தடவினார். ஒரு குமிழி வரவில்லை. எண்ணெய் பார்த்தார், பேட்டரி பார்த்தார். மெஷின் எவ்வளவு நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார்.

"கசிவெல்லாம் இல்லக்கா. மெஷின் நல்லா ஓடியிருக்கு. இங்க கரண்ட் ரொம்பப் போகுது போல."

"போகவே இல்லைங்கறாங்களே!"

மெக்கானிக் டிரைவரைப் பார்த்தார். "அண்ணே, நீங்கதானே வீட்ல இருக்கீங்க?"

"போகுது, வருது" என்றார் டிரைவர்.

சுவர்ப் பெட்டிக்குள் ஏதோ கோளாறாக இருக்கும் என்று மெக்கானிக் முடிவுகட்டினார். புதுசு வரவழைத்து மாட்டித் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கேஸ் வண்டிக்கும் சொல்லி வைத்தாள். அடுத்த வாரம் வருகிறோம் என்றார்கள்.

அடுத்த வாரத்துக்கு முன்னால் சூறைக்காற்று வந்துவிட்டது. மத்தியானம், அவள் ஒரு பாவாடைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தபோது, எங்கோ மரம் முறிகிற சத்தம் கேட்டது. கடை இருண்டது. தையல் மெஷின்கள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. 'நல்லவேளை, ஜெனரேட்டர் இருக்கு' என்றுதான் முதலில் நினைத்தாள். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்தாள்.

வீட்டு வாசலில் இறங்கியபோது ஜெனரேட்டர் சத்தம் இல்லை. ஆக்சிஜன் மெஷினின் எச்சரிக்கைக் கூவல் மட்டும் விடாமல் கேட்டது.

டிரைவர் நாற்காலியில் இல்லை. மூலையில் வைத்திருந்த அவசர ஆக்சிஜன் சிலிண்டரை அணைத்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. சிலிண்டரின் சாவி அவர் கையில் இருந்தது, திருப்பத்தான் தெம்பில்லை. அவள் பிடுங்கி, இரண்டு கையாலும் திருகி, குழாயை மாட்டினாள். பிறகு அவர் முதுகைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் உதட்டில் மெல்ல மெல்ல நிறம் திரும்பியது.

"அது வந்துச்சு" என்றார் அவர், பேச்சு வந்ததும். "வந்து, இருமி, நின்னுடுச்சு."

"கேஸ் தீர்ந்திருக்கும். எப்படித் தீருதுன்னே புரியலைங்க எனக்கு. பைத்தியம் பிடிச்சுடும் போல இருக்கு."

அவர் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டார்.

"நான்தான்."

"என்ன நீங்கதான்?"

"மெயின் சுவிட்சை நான்தான் அணைப்பேன். நீ கேட்டைச் சாத்திட்டுப் போற சத்தம் கேட்டதும் ஆரம்பிச்சுடும். இப்ப கரண்ட் போனா இது வருமான்னு. அணைச்சுப் பாப்பேன். வந்துடும். வந்ததும் கொஞ்சம் தூக்கம் வரும். அப்படியே ஓட விட்டுத் தூங்கிடுவேன். முழிச்சதும் மறுபடி சந்தேகம் வந்துடும்."

அவளுக்குக் கோபம் பொங்கியது. சாய்ந்திருந்த உடம்பின் எலும்புகள் மார்பில் குத்தியதும் அந்தக் கோபம் எங்கே போனதென்று புரியவில்லை.

"அந்த லைன்மேன் கம்பத்துல ஏறினப்பவாவது வாயைத் திறந்திருக்கலாமே!"

"சொல்லத்தான் எழுந்தேன். அதுக்குள்ள நீ அவரைத் திட்ட ஆரம்பிச்சுட்ட. எனக்கே பயமா போச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தாளா அழுதாளா என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது. தனக்கு மறதி நோய் இல்லை என்ற சந்தோஷமும் அதில் கலந்திருந்தது.

இரவே கரண்ட் வந்துவிட்டது. அவள் அவசரமென்று சொன்னதால் மறுநாளே கேஸ் வண்டி வந்து டேங்கை நிரப்பியது. மெக்கானிக்கிடம் அவள் உள்ளதைச் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, நாற்காலிக்கு எதிர்ச்சுவரில் ஒரு சின்ன விளக்கு மாட்டினார். "அண்ணே, இது பச்சையா எரிஞ்சா மெஷின் ரெடின்னு அர்த்தம்."

"பச்சை எரிஞ்சும் வரலைன்னா?" என்றார் டிரைவர்.

மெக்கானிக் அவளைப் பார்த்தார். அவள் டிரைவரைப் பார்த்தாள்.

கடைக்காரரிடம் பேசி, பாதித் துணியை வீட்டுக்கே கொண்டுவந்து தைக்க ஏற்பாடு செய்தாள். மெயினை அணைப்பதாக இருந்தால் வாரத்தில் ஒருநாள், அதுவும் தானும் கூட இருக்கும்போது என்று கறாராகச் சொன்னாள். அவரும் தலையாட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவளே போய் மெயினை அணைத்தாள். ஆக்சிஜன் மெஷின் கூவியது. வீடு அடங்கியது. கொஞ்ச நேரம்தான் என்று மெக்கானிக் சொன்ன அந்தக் கொஞ்ச நேரம் இவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியாது. அவள் மூச்சு விட மறந்து நின்றாள். பின்கட்டில் ஜெனரேட்டர் செருமியது, பிடித்துக்கொண்டது, ஓடத் தொடங்கியது.

"வந்துடுச்சு" என்றார் டிரைவர்.

அவள் மெயினைப் போடக் கையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது. கேஸ் வீணாகிறது என்று தெரிந்தும் அதைப் போட மனம் வரவில்லை.

"கொஞ்சம் ஓடட்டும்" என்றாள்.