யூதமோஸின் பங்கு

லெயுக்த்ராவில் தீபஸ் படையிடம் தோற்று மடிந்தவர்கள், ஊருக்குச் செய்தி வந்த மறுவாரமே பொதுப் பந்திக்குச் சாப்பிட வந்துவிட்டார்கள். அவரவர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, பன்றி ரத்தம் சேர்த்த கறுப்புக் குழம்பைக் குடித்துவிட்டு, கேடயம் துடைக்கப் போனார்கள். நிகிப்பாவின் கணவன் யூதமோஸும் வந்தான். அவன் விலாவில் ஈட்டி நுழைந்து வெளியேறிய வழியாக வெளிச்சம் தெரிந்தது.

ஸ்பார்ட்டாவில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. பேசுவதற்கு ஆளும் அதிகம் இல்லை. யூதமோஸ் பிறந்த வருடம்தான் ஏதென்ஸைப் போரில் வென்று, குழலிசை முழங்க அதன் மதில்களை இடித்தோம். பிறகு தீவுக்குத் தீவு எங்கள் காவற்படை, எங்கள் கட்டளை. பொன் வந்தது, வந்த வேகத்தில் நிலமெல்லாம் சில வீடுகளுக்குள் போனது. பந்திக்குத் தன் நிலத்திலிருந்து பார்லிப் பங்கு கொடுக்க முடியாதவன் பந்தியை இழந்தான். பந்தியை இழந்தவன் குடிமகன் இல்லை. கிரேக்கம் முழுவதையும் மிரட்டிய ஊரில் பந்திகள் பாதி காலியாகக் கிடந்தன. எனவே செத்தவர்கள் வந்ததும் ஊரை நடத்தும் ஐவர் சபை அவர்களை மறுபடி அணியில் நிறுத்தியது. மறுவருடக் குளிர்காலத்தில் தீபஸ்காரர்கள் ஆற்றின் அக்கரையில் வீடுகளைக் கொளுத்தியபோது, இக்கரை வரிசையில் பாதிப்பேர் இறந்தவர்கள். எதிரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

ஆனால் மலைக்கு அப்பால் மெசேனியா கைவிட்டுப் போனது. அங்கே எங்களுக்காக உழுத அடிமைக் குடிகள் தங்களுக்கென்று ஓர் ஊர் கட்டிக்கொண்டார்கள். யூதமோஸின் நிலத்தில் பெரும்பகுதி அங்கேதான் இருந்தது. இறந்தவனுக்கும் பங்கு கட்டாயம் என்பதால், ஆற்றோரத்தில் மிஞ்சிய துண்டு நிலத்தை நிகிப்பா தானே கொத்தினாள். கணவன் செத்த செய்தி வந்த அன்று, ஊர் வழக்கப்படி தலைக்கு எண்ணெய் பூசி, சிரித்த முகத்தோடு தெருவில் நடந்தவள் அவள். விளைந்ததைப் பந்திக்குக் கொடுத்துவிட்டுக் காட்டுக் கீரை தின்றாள்.

ஒருநாள் காவல் முடிந்து போகும் வழியில் யூதமோஸ் வயலோரம் நின்றான்.

“ஏன்யா, செத்தும் உன்னை விடமாட்டாங்களா?” என்று கேட்டாள்.

“அறுபது வயசு வரைக்கும் நிக்கணுமாம்.”

“உனக்குத்தான் இனி வயசே ஏறாதே.”

அவன் யோசித்தான். “அதை நான் நெனச்சுப் பாக்கல. காலு வலிக்குது, நிகிப்பா.”

அந்த அறுவடையை அவள் பந்திக்கு அனுப்பவில்லை. ஐவர் சபையிலிருந்து ஒரு கிழவர் வீட்டு வாசலுக்கு வந்தார்.

“பார்லி எங்கம்மா?”

“தின்னுட்டேன்.”

“பங்கு வரலேன்னா உன் புருஷனைப் பந்தியிலேர்ந்து எடுத்துருவோம். அப்புறம் அவன் ஸ்பார்ட்டாக்காரனே இல்ல. தெரிஞ்சுதான் பேசுறியா?”

“தெரிஞ்சுதான் தின்னேன்.”

“அவங்க நிக்கிறதாலதான் இந்த ஊரு நிக்குது.”

“அவன் நின்னது போதும். வேணும்னா நீங்க போய் நில்லுங்க.”

கிழவர் கோபப்படவில்லை. “என் பையனும் அதே வரிசையிலதான் நிக்கிறான்,” என்று சொல்லிவிட்டு மெல்ல நடந்து போனார்.

பந்தியிலிருந்து விலக்கிய அன்று மதியம் யூதமோஸ் வீட்டுக்கு வந்தான். செந்நிற மேலாடையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுந்தான். அதன்பின் அக்கம்பக்கத்தார் நிகிப்பாவோடு பேசவில்லை. அடுப்புக்கு நெருப்புக்கூடக் கொடுக்கவில்லை. அவள் பொறுத்துக்கொண்டாள். ஆனால் அடுத்த அறுவடையில் பக்கத்து வீட்டுக்காரியும் பார்லி அனுப்பவில்லை. அதற்கடுத்த வருடம் கிழவரின் மருமகள். ஆற்றங்கரை வரிசை ஒவ்வோர் ஆளாக மெலிந்தது.

இப்போது கிரேக்கத்தில் எங்கே சண்டை, எங்கே சமாதானம் என்றாலும் யாரும் எங்களைக் கேட்பதில்லை. வீடுகளில் ஆண்கள் தூங்குகிறார்கள். யூதமோஸ் இன்னும் எழுந்திருக்கவில்லை. பெண்கள் முற்றத்தில் சத்தமில்லாமல் நடந்து, மாவரைக்கும் கல்லை வெளியே கொண்டுபோய் வைத்து அரைக்கிறார்கள்.