மூன்றாவது ஆப்

மூன்று மாதத்தில் இது மூன்றாவது ஆப். "பழசை எல்லாரும் அழிச்சிடுங்க, இனிமே இதுதான்" என்று அண்ணன் குடும்பக் குழுவில் போட்டிருந்தான். எக்ஸ்ரே அறையில் ஈய அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு அதைப் படித்த தங்கைக்குச் சுருக்கென்றது.

அப்பாவுக்கு முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து, அவர் அண்ணன் வீட்டில் இருந்தார். மாத்திரை, காய்கறி, டாக்டர் தேதி, காலையும் மாலையும் கால் மடக்கும் பயிற்சி என்று வேலைகளைப் பங்கு போட்டுக்கொள்ளத்தான் ஆப் வந்தது. முதல் ஆப் வெறும் பட்டியல். ஒரே மாத்திரையை இரண்டு பேர் வாங்கி வந்ததும் அதைக் கைவிட்டார்கள். இரண்டாவதில், யார் எத்தனை மணிக்கு முடித்தார்கள் என்பது தானாகவே பதிவாகும். அதில்தான் அவள் கவனித்தாள். மாலைப் பயிற்சி, முடித்தவர் அண்ணன், மணி 4:02. மறுநாள் 4:05. அதற்கடுத்த நாள் 4:01.

அண்ணனோ கண்ணாடி அறுக்கும் பட்டறையில் ஆறு மணி வரை நிற்பவன்.

கேட்டுப் பார்த்தாள். "நாலு மணிக்கு நீ எப்படிண்ணே வீட்ல இருந்தே?"

"நான் எங்க இருந்தேன்? அண்ணி செஞ்சிருப்பா. அப்பாகிட்டயும் கேட்டேன், ஆச்சுன்னாரு. ஆப்ல ஏதோ கோளாறு."

அந்தப் பேச்சு நடந்து நான்கே நாளில் புது ஆப். திறந்து பார்த்தாள். நேரமும் இல்லை, பேரும் இல்லை. "முடிந்தது" என்று மட்டும் காட்டியது. சந்தேகம் அவளை அரித்தெடுத்தது. பழைய ஆப்பை அழிக்காமல் வைத்துக்கொண்டு, பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருந்த அண்ணிக்குப் போன் போட்டாள்.

"சாயங்காலப் பயிற்சி நீங்களா பண்ண வைக்கிறீங்க அண்ணி?"

"நான் வரவே அஞ்சரை ஆயிடுதே! உங்க அண்ணன் நடுவுல வந்துட்டுப் போறாருன்னுல்ல நினைச்சேன்?"

போதும் என்று இருந்தது அவளுக்கு. அப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பட்டறையில் இருந்தபடியே டிக் போடுகிறான். கேட்டதும் ஆப்பையே மாற்றிவிட்டான். மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. தன்னிடம் இருந்த சாவியால் அண்ணன் வீட்டுக் கதவைச் சத்தமில்லாமல் திறந்தாள்.

கூடத்தில் அப்பா சாய்வு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் அண்ணனின் பழைய டேப்லெட்; அதில் ஆப் இன்னும் அண்ணன் பேரிலேயே இருந்தது. மணி நான்கானதும் அது டொய்ங் என்றது. அப்பா கண்ணாடியை மூக்கில் ஏற்றி, ஒற்றை விரலால் பதமாகத் தட்டினார். அவள் கையில் இருந்த போனில் வந்து விழுந்தது: மாலைப் பயிற்சி, முடிந்தது.

"அப்பா!"

டேப்லெட் நழுவித் தரையில் விழுந்தது.

"நீ எப்பம்மா வந்தே?"

"தினமும் நீங்கதான் இதைப் போடுறீங்களா?"

அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார். "உயிர் போற வலிம்மா. டிக் போட்டுட்டா யாரும் போன் பண்றதில்ல, மடக்குங்கன்னு வந்து நிக்கிறதும் இல்ல. உங்களுக்கு அது ஆப். எனக்கு வச்ச ஆப்பு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் காலை மெல்ல மடக்கிப் பார்த்தாள். பாதிகூட வரவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். அந்தப் பக்கம் கண்ணாடி அறுக்கும் சத்தம் நின்றது.

"அவரை நான் பாத்துக்கறேன்" என்றான் அண்ணன். "ஆனா நீ சொல்லாம கொள்ளாம யாரைப் பிடிக்க வந்தே?"

அவள் பதில் சொல்வதற்குள் அவனே போனை வைத்துவிட்டான்.

அடுத்த வாரம் டாக்டர் அப்பாவின் காலை அழுத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இன்னும் எட்டு வாரம் பயிற்சி என்றார். அண்ணன் பட்டறையில் பேசி சீக்கிரம் வீட்டுக்கு வர ஏற்பாடு செய்துகொண்டான். குழுவில் அவளுக்கு மட்டும் பதில் போடவில்லை. "மன்னிச்சுக்கோண்ணே" என்று மூன்று முறை எழுதினாள். மூன்று முறையும் அழித்தாள். ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போய் வாசலில் நின்றாள்.

"அண்ணே, நான் உன்னைப் போய்..."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். உள்ளேயிருந்து அப்பா, "ஐயோ, மெதுவாடா" என்று யாரும் காலைத் தொடுவதற்கு முன்பே முனக ஆரம்பித்திருந்தார்.

"என் காலைப் பிடிக்க வேணாம்" என்றான் அண்ணன். "உள்ள வந்து அவர் காலைப் பிடி. நான் எண்ணுறேன்."